மாவுப்பூச்சி மருந்தும் ஒரு மில்லிமீட்டர் குளவியும்

இன்னைக்கு கொஞ்சம் பெரிய த்ரெட். ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து நிதானமா படிங்க. விவசாயம் பார்ப்பவர்கள், மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள், வீட்டு வாசலில் ஒரே ஒரு செம்பருத்தி வைத்திருப்பவர்கள் எல்லோருக்குமானது.

தமிழில் இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். நான் சீட்டில் எழுதிக் கொடுப்பதும் மருந்து. வயலில் தெளிப்பதும் மருந்து. "காலையில மருந்து சாப்பிட்டாரா?" என்று நான் கேட்டால் அது மாத்திரை. "மருந்து சாப்பிட்டுட்டாருங்க" என்று ஆம்புலன்ஸில் இருந்து இறங்கும்போதே ஒரு அம்மா அழுதால் அது வேற. அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் குரலை வைத்தே தெரிந்துவிடும்.

குடித்து வருபவர்கள் மட்டும் இல்லை. தெளிக்கப் போய், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் விஷம் ஏறி வருபவர்களும் உண்டு. இந்த த்ரெட் அவர்களில் ஒருவரைப் பற்றியும், அவர் கொல்ல நினைத்த பூச்சியைப் பற்றியும், அந்தப் பூச்சியை அவரை விட நன்றாகக் கொல்லத் தெரிந்த ஒரு குட்டிக் குளவியைப் பற்றியும்.

முதலில் விஷத்தைப் பார்த்துவிடுவோம்.

நம் நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்க அசிட்டைல்கோலின் என்று ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். கட்டளை முடிந்ததும் அதை உடைத்துப் போட ஒரு நொதி இருக்கிறது. குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் மாதிரியான ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். சுவிட்ச் போட்டாச்சு, அணைக்க ஆள் இல்லை. பூச்சி துடித்துச் சாவது இதனால்தான். சிக்கல் என்னவென்றால் இதே வேலையைச் செய்யும் நொதி நமக்கும் இருக்கிறது.

அதனால் இந்த நோயாளிகள் கண்பாவை கடுகு மாதிரி சுருங்கி, வாயில் எச்சில் ஒழுக, உடம்பெல்லாம் வியர்த்து, வாந்தி பேதியோடு வருவார்கள். தசை தோலுக்கு அடியில் புழு நெளிவது போலத் துடிக்கும். நுரையீரலில் சளி நிறைந்து மூச்சு முட்டும். சுவாசத் தசைகள் சோர்ந்துபோனால் வென்டிலேட்டர்தான். அட்ரோபின் ஊசியை நெஞ்சுச் சளி வறளும் வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இப்போ அந்த ஒருவர்.

2022 கோடை. நாற்பது தாண்டியவர். குத்தகை நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தார். எங்க பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்கு. குருத்தெல்லாம் சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி மூடிக்கொண்டிருக்கிறது, உள்ளே வெள்ளை வெள்ளையாய் மாவுப்பூச்சி. கள்ளிப்பூச்சி என்றும் சொல்வார்கள். ஒரே மாதத்தில் மூன்று முறை மருந்து அடித்திருக்கிறார். மூன்றாவது முறை கேட்கவில்லை என்று இரண்டு மருந்தைக் கலந்து, டேங்குக்கு ஒரு மூடி என்பதை இரண்டு மூடியாக்கி அடித்திருக்கிறார். டேங்க் ஒழுகி முதுகு முழுக்க நனைந்திருக்கிறது. வெயில் என்று அந்தச் சட்டையோடவே சாயங்காலம் வரைக்கும் நின்றிருக்கிறார்.

பிழைத்துக்கொண்டார். அட்ரோபின் மயக்கத்தில் இரண்டு நாள் காற்றில் எதையோ பிய்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது நாள் டிஸ்சார்ஜ். இனி தெளிப்பு வேலைக்குக் கிட்டவே போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி கேட்டார்:

"சரிங்க டாக்டர். இவரு வேண்டாம். நானே அடிச்சுக்கறேனுங்க. அளவு மட்டும் சரியாச் சொல்லிருங்க."

அறியாமையில் கேட்ட கேள்வி இல்லை அது. குத்தகைப் பணம் கட்டியாச்சு. கூட்டுறவுக் கடன் இருக்கிறது. குருத்து போனால் கிழங்கு இறங்காது. கண்ணெதிரே விஷம் என்ன செய்யும் என்று ஏழு நாள் பார்த்த பிறகும், அந்த அக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை. "அடிக்காதீங்க" என்று சொல்வது சுலபம். அடுத்த வரி, "அதுக்குப் பதிலா இதைச் செய்யுங்க" என்று இருந்தால்தான் அது அறிவுரை. வேளாண் கல்லூரியில் படித்த என் நண்பனுக்கு அன்று ராத்திரி போன் போட்டேன். இனி வருவது எல்லாம் அந்த போனில் ஆரம்பித்துப் படித்ததுதான்.

மாவுப்பூச்சி யார்?

செதில் பூச்சிகள் என்று ஒரு பெரிய குடும்பம் உண்டு. கறிவேப்பிலைத் தண்டிலோ எலுமிச்சை இலையிலோ நகத்தால் சுரண்டினால் வருகிற பழுப்புப் பொட்டு, அது செதில் பூச்சி. மாவுப்பூச்சி அதன் பங்காளி. ஓட்டுக்குப் பதிலாக மெழுகுத் தூளைப் போர்த்திக்கொள்ளும். ஊசி போன்ற வாயைச் செடிக்குள் இறக்கி, சாறு குடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே குடும்பம் நடத்தும். உறிஞ்சியதில் மிச்சமான சர்க்கரையைத் தேன் மாதிரி வெளியே விடும். அந்தத் தேனுக்கு எறும்பு வரும், அந்தத் தேன் மேல் கரும்பூஞ்சணம் படரும். இலை கறுத்துப்போவது அதனால்தான்.

மருந்து ஏன் கேட்பதில்லை? ஒன்று, மெழுகு. தண்ணீரில் கலந்த மருந்து அதன்மேல் உருண்டு ஓடிவிடும். இரண்டு, முட்டைகள் பஞ்சுப் பொதிக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு தாய் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். மூன்று, சுருண்ட குருத்துக்குள் தெளிப்பு போகாது. நான்காவதுதான் முக்கியம். மருந்து மாவுப்பூச்சியைப் பாதிதான் கொல்லும். அதைத் தின்ன வந்த பொறிவண்டையும் குளவியையும் முழுசாகக் கொல்லும். இரண்டு வாரத்தில் மாவுப்பூச்சி திரும்ப வரும், எதிரி இல்லாத காட்டில் ராஜா மாதிரி.

டாக்டர்களுக்கு இது பழகிய கதை. தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்டே போனால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து, அதுவரை அடங்கி இருந்த கெட்டது தலைதூக்கி, பேதியில் கொண்டுபோய் விடும். வயலிலும் அதே கணக்கு.

சரி, குளவி.

குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்காதீர்கள். இது ஒரு மில்லிமீட்டர் அளவு, சிலது அதைவிடச் சிறிசு. உங்கள் கையில் உட்கார்ந்தால் தூசு என்று ஊதிவிடுவீர்கள். மனிதரைக் கொட்டாது.

பெண் குளவி மாவுப்பூச்சிக் கூட்டத்தின் மேல் நடந்துபோய், கொம்பால் தட்டித் தட்டிப் பார்க்கும். சரியான வயசுப் பூச்சி கிடைத்ததும் உடம்புக்குள் ஊசி இறக்கி முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சியின் தோல் விறைத்து, பழுப்பு நிறக் கூடு மாதிரி ஆகிவிடும். இதற்கு 'மம்மி' என்றே பெயர். சுமார் இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வந்து அடுத்த மாவுப்பூச்சியைத் தேடிப் போகும்.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. நம்ம முன்னோர்கள் பார்த்தது சரிதான்: உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. நடுவில் நடந்ததுதான் வேற. புழு குளவியாக மாறவில்லை. புழுவைத் தின்றுவிட்டுக் குளவியின் பிள்ளை வெளியே வந்தது.

நான் படித்த ஒட்டுண்ணிப் பாடத்தில் ஒரு விதி: நல்ல ஒட்டுண்ணி வீட்டுக்காரனைக் கொல்லாது. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும், ஆனால் ஆளை நடமாட விடும். இந்தக் குளவிகள் அந்த விதிக்குள் வராது. வாடகைக்கு வந்து வீட்டுக்காரனையே முடித்துவிட்டுத்தான் காலி செய்யும். விவசாயிக்கு வேண்டியது இந்த மாதிரி ஒட்டுண்ணிதான்.

இது ஏதோ வெளிநாட்டு ஆய்வகத்தில் மட்டும் நடக்கிற சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் கோயம்புத்தூரில், திருப்பூரில், ஈரோட்டில் நடந்தது.

2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து ஆள். அங்கே அது பெரிய தொல்லை இல்லை, ஏனென்றால் அதன் எதிரிகளும் அங்கேயே இருந்தார்கள். இங்கே அது மட்டும் வந்தது, எதிரிகள் வரவில்லை. எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஊருக்குள் புது வைரஸ் நுழைந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. பப்பாளி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, கொய்யா, செம்பருத்தி, தேக்கு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. மல்பெரியையும் விடவில்லை.

மல்பெரி என்று எழுதும்போதே எனக்கு உடுமலைப் பக்கம் இருக்கும் பெரியப்பா ஞாபகம் வருகிறார். பட்டுப்புழு வளர்த்தவர். நான் அப்போ எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்குப் போனால் தோட்டமே சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கிறது. கையில் நசுக்கினால் மஞ்சள் தண்ணீர். "மருந்து அடிச்சீங்களா பெரியப்பா?" என்றேன். "எதை நம்பி அடிக்கறது சாமி? அடிச்ச இலையைத் தின்னா புழு சாகும். அடிக்காம விட்டா இலையே இருக்காது" என்றார். பப்பாளிக்காரர் தப்போ சரியோ மருந்தாவது அடித்துப் பார்க்கலாம். பட்டுப்புழு வளர்ப்பவருக்கு அதுவும் கிடையாது. புழுவும் ஒரு பூச்சிதானே.

அந்த வருஷம் அரை ஏக்கர் மல்பெரியை வேரோடு பிடுங்கித் தீ வைத்தார். பெரியம்மா பேசவே இல்லை. என் இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு அவர் கொடுத்த பணம் அந்தத் தோட்டத்துக் கூடு விற்ற காசு. அதனால் எனக்கு அது வெறும் செடி எரிந்த காட்சி இல்லை.

2010-ல் பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்தது. அசிரோபேகஸ் பப்பாயே, அனாகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா. பெயர்தான் நீளம், ஆள் எறும்பின் தலை அளவு. தனிமைப்படுத்தி வைத்து, மற்றவற்றைத் தொடாது என்று சோதித்த பிறகு, வேளாண் பல்கலைக்கழகம் வழியாகப் பெருக்கி அந்த வருஷக் கடைசியிலிருந்து தோட்டங்களில் விட்டார்கள். மூன்றில் நன்றாக வேரூன்றியது அசிரோபேகஸ்.

பெரியப்பாவுக்குக் கிடைத்தது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே தூசு மாதிரி ஏதோ நகர்கிறது. "இதை விட்டுட்டு மூணு நாலு மாசம் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். "டப்பாவுல காத்தைப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போறாங்க" என்று அவர் சிரித்தார். ஆனாலும் சாயங்காலம் வெயில் தாழ்ந்து, சொன்ன இடத்தில் போய்த் திறந்து விட்டார்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாதம் இலைக்கு அடியில் விறைத்துப்போன பூச்சிகள், ஒவ்வொன்றிலும் ஊசி குத்திய மாதிரி ஓட்டை. அடுத்த கோடை முடிவதற்குள் தேடிப் பார்த்தால்தான் மாவுப்பூச்சி கிடைக்கும் என்ற நிலை. மாநிலம் முழுக்கவே அப்படித்தான் அடங்கியது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் டப்பா வாங்கவே இல்லை, அவர் தோட்டத்திலும் குறைந்தது. குளவிக்கு வரப்பு தெரியாது இல்லையா.

மாவுப்பூச்சி முழுசாக ஒழியவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கும் செம்பருத்தியில் கொஞ்சம் இருக்கும். கொஞ்சம் இருந்தால்தான் குளவிக்குச் சோறு. இரண்டும் சேர்ந்து குறைந்த அளவில் வாழும். சர்க்கரை நோயை 'கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கு.

இப்போ மரவள்ளிக்கு வருவோம். என் நோயாளியின் வயலில் இருந்தது பப்பாளி மாவுப்பூச்சி இல்லை. மரவள்ளி மாவுப்பூச்சி, வேறு இனம். பார்க்க ஒரே மாதிரி வெள்ளை. இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1970-களில் இந்தப் பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது. அங்கே மரவள்ளி ஆலைக்குப் போகிற பயிர் இல்லை, கோடிக்கணக்கான மக்களின் அன்றாடச் சோறு. நைஜீரியாவின் இபாடானில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் பூச்சியியலாளர் இதற்கு எதிரியைத் தேடும் வேலையை எடுத்தார்.

முதலில் தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதியில் தேடினார்கள். அச்சு அசலாக அதே மாதிரி மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் எதிரிகளைக் கொண்டுவந்தால் ஆப்பிரிக்கப் பூச்சியை அவை சீண்டவே இல்லை. ஏனென்றால் அது வேறு இனம். சரியான பூச்சி 1981-ல் பராகுவேயில் கிடைத்தது. அதோடு அதன் எதிரியும் கிடைத்தது: அனாகைரஸ் லோபெசி என்ற குளவி. அதைப் பெருக்கி நைஜீரியாவில் தொடங்கி ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் விட்டார்கள். மரவள்ளி மீண்டது. ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

டாக்டராக எனக்கு இதில் பிடித்த பாடம் இதுதான்: முதலில் டயக்னோசிஸ், அப்புறம்தான் ட்ரீட்மென்ட். காய்ச்சல் என்றால் எல்லாம் ஒரே காய்ச்சல் இல்லை. வெள்ளையாய் இருந்தால் எல்லாம் ஒரே மாவுப்பூச்சியும் இல்லை.

அதே பூச்சி 2020-ல் கேரளத்தில் திருச்சூரில் தென்பட்டது. பிறகு நம் சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. நாற்பது வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்கா தீர்த்த கணக்கு நமக்குத் தயாராக இருந்தது. பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைத் தருவித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடத் தொடங்கினார்கள். அதாவது, என் வார்டில் அந்த அண்ணன் அட்ரோபின் மயக்கத்தில் கிடந்த அதே கோடையில், அவர் மாவட்டத்துப் பக்கத்திலேயே அதற்கான பதில் வந்து இறங்கியிருந்தது.

இதைத்தான் அந்த அக்காவிடம் சொன்னேன். பெயரும் ஊரும் எழுதிக் கொடுத்தேன், மாத்திரைச் சீட்டிலேயே. "நம்ம ஊசி மாதிரிதானுங்களா இதுவும்?" என்று கேட்டார். "ஆமாக்கா, ஆனா இதைப் போட்டா மத்ததை நிறுத்தணும். மருந்து அடிச்சா மாவுப்பூச்சிக்கு முன்னாடி குளவி செத்துரும்" என்றேன்.

அதன் பிறகு அந்த அண்ணன் பிரஷர் மாத்திரைக்கு ஓ.பி.க்கு வரும்போது இரண்டு முறை பார்த்தேன். குளவி வாங்கி விட்டிருக்கிறார்கள். மொய்த்திருந்த நுனிகளைக் கிள்ளி அழித்திருக்கிறார்கள். இடையில் நல்ல மழையும் பெய்தது. மழையே மாவுப்பூச்சியைக் குறைக்கும், அதனால் முழுப் பெருமையையும் குளவிக்கே கொடுக்க முடியாது. அந்த வருஷ விளைச்சல் சுமார்தான். ஆனால் அந்தப் போகத்தில் நாலாவது முறை டேங்க் தூக்கவில்லை. எனக்கு அது போதும்.

கண்ணாடிக் கூடாரங்களிலும் பசுமைக்குடில்களிலும் இந்த வேலை இன்னும் பழசு. 1926-ல் இங்கிலாந்தில் தக்காளி வளர்த்த கண்ணாடிக் குடில் ஒன்றில், வெள்ளை ஈக்களின் குஞ்சுகளில் சில கறுப்பாக இருந்ததைக் கவனித்தார்கள். உள்ளே என்கார்சியா என்ற குட்டிக் குளவி. அதை வளர்த்துப் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். 1940-களில் டி.டி.டி. வந்ததும் குளவியை மறந்தார்கள். பூச்சிகள் மருந்துக்குப் பழகிக்கொண்ட பிறகு, 1970 வாக்கில் திரும்பவும் குளவியைத் தேடி வந்தார்கள். இன்று ஐரோப்பியக் குடில்களில் அட்டையில் ஒட்டிய குளவிக் கூடுகளைச் செடியில் மாட்டிவிடுகிறார்கள்.

வித்தியாசம் என்னவென்றால், மூடிய குடிலுக்குள் ஒவ்வொரு பயிருக்கும் திரும்பத் திரும்ப விட வேண்டும். திறந்த வெளியில், ஊருக்குப் புதிதாக வந்த பூச்சிக்கு அதன் சொந்த ஊர் எதிரியைக் கொண்டுவந்து குடியேற்றினால், அது தானாகப் பெருகிக்கொள்ளும். ஒன்று தினமும் போடும் இன்சுலின். இன்னொன்று தடுப்பூசி.

நாமும் கொடுத்திருக்கிறோம். கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களில் சிவப்புச் செதில் பூச்சியை அடக்கும் அபைடிஸ் என்ற குளவி, 1950-களில் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து அங்கே போனதுதான்.

உடனே 'அப்போ எல்லாத்துக்கும் வெளியிலிருந்து ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து விட்டுடலாமே' என்று கிளம்பிவிடாதீர்கள். 1935-ல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னும் என்று ஒரு வகைப் பெரிய தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்றது. அதைத் தின்ற பிராணிகள் அதன் விஷத்தில் செத்தன. இன்றுவரை அங்கே அது தீராத தலைவலி. எதையும் தின்னும் பிராணி வேறு, ஒரே பூச்சியை மட்டும் தேடும் குளவி வேறு. இந்தச் சோதனையைச் செய்யத்தான் பணியகமும் தனிமைப்படுத்தும் கூடமும் இருக்கின்றன. நாமாக எதையும் பையில் வைத்து எடுத்துவரக் கூடாது.

சரி, வீட்டுத் தோட்டக்காரர்கள் என்ன செய்யலாம்?

1. முதலில் எறும்பைப் பாருங்கள். தேனுக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும், குளவியை விரட்டும். செடிமேல் எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

2. கொஞ்சமாக இருந்தால் குழாயை வேகமாகத் திறந்து தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பழைய பல்துலக்கியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். மோசமான கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், குப்பையில் சும்மா எறியாதீர்கள்.

3. விறைத்த, பழுப்பான, ஓட்டை போட்ட பூச்சி தெரிகிறதா? சந்தோஷப்படுங்கள். குளவி ஏற்கெனவே வேலைக்கு வந்துவிட்டது. அந்தக் கிளையைத் தொடாதீர்கள்.

4. மாவுப்பூச்சிக் கூட்டத்தில் பெரிதாக, வெள்ளை ஜடை ஜடையாக, வேகமாக ஓடும் ஒன்று இருந்தால் அதை நசுக்காதீர்கள். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போட்டு, மாவுப்பூச்சியையே தின்னும்.

5. விவசாயிகள் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ வேளாண்மைத் துறை அலுவலகத்திலோ பூச்சி இருக்கும் கிளையைக் காட்டுங்கள். எந்த மாவுப்பூச்சி என்று தெரிந்த பிறகு கேளுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால்.

அப்படியும் மருந்து அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், இது டாக்டராக என் பங்கு:

முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம். காற்றுக்கு எதிராக நிற்காதீர்கள். ஒழுகும் டேங்கை முதுகில் ஏற்றாதீர்கள். கையில் பீடியோ சாப்பாடோ வேண்டாம். இரண்டு மருந்தைக் கலக்காதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, துணியைத் தனியாகத் துவையுங்கள்.

யாருக்காவது வியர்வை, எச்சில், வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நனைந்த துணியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் உடம்பைக் கழுவுங்கள். கழுவுபவர் கையுறை போட்டுக்கொள்ளவும். குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் எதுவும் வேண்டாம். 108-க்கு அழையுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுவாருங்கள். பெயர் தெரிந்தால் எங்களுக்குப் பாதி நேரம் மிச்சம்.

இன்னும் ஒன்று. தெளிப்பில் மிஞ்சிய அரை டப்பா பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ இருக்கும். ஒரு சண்டை, ஒரு கடன்காரர் பேச்சு, ஒரு பரீட்சை முடிவு. கை எட்டும் தூரத்தில் அது இருந்ததாலேயே போன உயிர்கள் உண்டு. வீட்டுக்குள் வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எந்த நேரத்திலும் பேசலாம்.

வாங்காத டப்பா வீட்டில் இருக்காது. குளவி வேலை செய்கிற ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு டப்பா குறைகிறது. எனக்கு இந்தக் குளவி மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம். சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஒரு மில்லிமீட்டர் உடம்பு. எங்கள் வார்டுக்கு வர வேண்டிய ஆட்களில் சிலரை அது வயலிலேயே நிறுத்தி வைக்கிறது.

மரவள்ளி, பப்பாளி, மல்பெரி போட்டிருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் இதை அனுப்பி வையுங்கள். படிக்க மாட்டார் என்றால் போன் போட்டுச் சொல்லுங்கள்.